குடைத்துணிக் கறுப்பு

திருமுல்லைவாயில்
12.6.1988

அன்புள்ள அத்தானுக்கு,

செலின் எழுதுகிறேன். நானும் அத்தையும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று இதற்கு முன் எழுதிய கடிதங்களிலும் கேட்டுவிட்டேன். பதில்தான் இல்லை.

ஈஸ்டருக்கு வாழ்த்து எழுதியதோடு சரி. மே மாதம் பணத்துக்கான பேங்க் டிராஃப்ட் வந்த உறையில் முகவரி உங்கள் கையெழுத்து இல்லை. "யாராவது கூட்டாளி தபால்ல போட்டிருப்பான், அவனுக்கு வேல ஜாஸ்தி" என்கிறார் அத்தை. அப்படியே இருக்கட்டும். ஆனால் பஸ்ஸுக்குப் பெயிண்ட் அடிக்கிறவருக்கு ஒரு கார்டு எழுதவுமா நேரம் இல்லை?

கம்ப்ரஸரையும் ஸ்பிரே கன்னையும் விற்றுவிடச் சொல்லிவிட்டுப் போனீர்களே, அம்பத்தூரில் பீரோ பட்டறை வைத்திருக்கும் கஜபதி வந்து பார்த்தார். ஓட்டிக் காட்டச் சொன்னார். ஓட்டிக் காட்டினேன். பேச்சு அப்படியே நிற்கிறது. அவசரம் ஒன்றும் இல்லையே?

இங்கே கத்திரி முடிந்தும் வெயில் போகவில்லை. அங்கே இன்னும் மோசமாக இருக்கும். தண்ணீர் நிறையக் குடியுங்கள். பதில் போடுங்கள்.

உங்கள்
செலின்


ஷார்ஜா
9.7.1988

அன்புள்ள செலினுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறேன், நன்றாகத் தூங்குகிறேன். உடம்பு கொஞ்சம் போட்டிருக்கிறது என்று அம்மாவிடம் சொல், சந்தோஷப்படும். உன் கோபம் நியாயம்தான். கடிதம் எழுதாததற்குக் காரணம், வேலை மாறிவிட்டேன். அந்த அலைச்சலில் விட்டுப்போயிற்று.

பஸ் கம்பெனியை விட்டுவிட்டேன். இங்கே கோவிலில் பழக்கமான பிரகன்சா என்ற கோவாக்காரர் ஒரு பட்டறை வைத்திருக்கிறார். விமானக் கம்பெனி ஆபீஸ்களில் கண்ணாடி அலமாரிக்குள் சின்ன விமானம் நிற்குமே, அதெல்லாம் இவர் செய்து கொடுப்பதுதான். சிலதை அட்டைப் பெட்டியில் வரும் பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிச் செய்கிறோம். பெரியதை மரத்தில் கடைந்து செய்கிறோம். பெயிண்ட் முழுக்க என் பொறுப்பு. கன் பேனா அளவுதான் இருக்கிறது. ஒரு பஸ்ஸுக்கு அடித்த பெயிண்டில் இங்கே ஊர் விமானத்துக்கெல்லாம் அடிக்கலாம். ஏ.சி. அறை, நாற்காலி, உட்கார்ந்த வேலை. நீ கவலையே படவேண்டாம்.

ஒரு காரியம் செய். நம் குளியலறைத் தரை வழுக்கும். அதைச் சொரசொரப்பாகப் பூசச் சொல். சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு இரும்புக் குழாய் பதித்துவிடு. அம்மாவுக்கு வயதாகிறது அல்லவா.

கம்ப்ரஸரைக் கொடுத்துவிடு. இனி எனக்கு வேண்டாம்.

அன்புடன்
ஜெயபால்


திருமுல்லைவாயில்
2.8.1988

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்த பிறகுதான் வீட்டில் நிம்மதியாகச் சோறு இறங்கியது. நாங்கள் நலம். அத்தைக்கு மட்டும் லேசான சளி, துளசிக் கஷாயத்தில் அடங்கிவிட்டது.

உட்கார்ந்த வேலை என்றதும் அத்தை நம்பவில்லை. "அவன் பாதிரியார் பிரசங்கத்துக்கே உக்கார மாட்டான், வெளியே போய் நிப்பான். அவனா நாள் பூரா நாற்காலில உக்காந்துகினு கீறான்?" என்று கேட்டார். எனக்கும் அதே யோசனைதான். ஆனால் நீங்கள் நலமாக இருந்தால் உட்கார்ந்தால் என்ன, நின்றால் என்ன.

குளியலறைக் குழாயைப் பற்றிப் படித்ததும் அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் இன்னிக்கும் தண்ணி லாரிக்குப் பின்னால ஓடுறவ. எனக்கு எதுக்குக் கொயாய்?" என்கிறார். பார்க்கலாம்.

ஒரு சந்தேகம். இங்கே தெரிந்தவர்கள் கேட்டார்கள். சாயங்காலம் மழை வருகிற மாதிரி இருக்கும்போது பீரோவுக்குக் கறுப்பு அடித்தால் மேலே பால் ஊற்றின மாதிரி வெளுத்துப்போகிறதாம். துடைத்தாலும் போகவில்லையாம். மற்ற கலரில் இவ்வளவு தெரியவில்லையாம். என்ன செய்யவேண்டும்? அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுதுங்கள்.

கம்ப்ரஸர் பேச்சு இன்னும் முடியவில்லை.

உங்கள்
செலின்


ஷார்ஜா
4.9.1988

அன்புள்ள செலினுக்கு,

அம்மாவின் சளி முழுசாக விட்டதா? நான் சுகம்.

பால் பூப்பதற்குக் காரணம் ஈரக் காற்று. தின்னர் சட்டென்று ஆவியாகும்போது மேல்பரப்பு குளிர்ந்துவிடும். காற்றில் இருக்கும் ஈரம் அதில் உட்கார்ந்துகொள்ளும். கறுப்பில் அது மானத்தை வாங்கிவிடும். மட்டமான தின்னரை நிறுத்தச் சொல். கடையில் ரிட்டார்டர் என்று கேட்டால் கொடுப்பார்கள், கொஞ்சம் சேர்த்தால் மெதுவாகக் காயும். உச்சி வெயிலில் தகடு சூடாக இருக்கும்போது அடிக்கவேண்டும். ஏற்கெனவே பூத்ததன் மேல் ரிட்டார்டர் கலந்த தின்னரை மட்டும் மெல்லிசாக அடித்தால் கறுப்பு திரும்பி வரும். யார் அந்தப் பெயிண்டர்? இதுகூடத் தெரியாதவனைக் கஜபதி எங்கே பிடித்தார்?

அவனைச் சொல்கிறேனே, என் நிலைமையும் கறுப்பில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது. ஹார்விக் என்று ஒரு வயதான வெள்ளைக்காரர். இங்கே துறைமுகத்தில் இன்ஜினியராக இருந்தவர். உலகப் போரின்போது சின்ன வயசில் லங்காஸ்டர் என்ற நாலு இன்ஜின் விமானத்துக்கு மெக்கானிக்காம். ராத்திரியில் மட்டும் போய்க் குண்டு போடும் விமானம். அதனால் வயிறும் பக்கவாட்டும் முழுக்கக் கறுப்பு. தான் கவனித்துக்கொண்ட அந்த ஒரு விமானத்தைத் தனக்குச் செய்து தரச்சொல்லியிருக்கிறார். இறக்கை நம் வாசல் கதவு அகலம் இருக்கும்.

நான் என் முழுத் திறமையையும் காட்டிக் கறுப்பு அடித்தேன். முகம் பார்த்துத் தலை வாரலாம், அப்படி ஒரு பளபளப்பு. அவர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது விமானம் இல்லை. பாலீஷ் போட்ட பூட்ஸ்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பளபளப்பை எடுத்துவிட்டு மங்கலாக அடித்தேன். "இப்போது கரும்பலகை" என்றார். சாம்பல் கலந்து அடித்தேன். "இது கறுப்பே இல்லை" என்றார். வெயிலிலும் மழையிலும் கிடந்து, புகை குடித்து, ஆள் ஏறி மிதித்துப் பழசான கறுப்பு வேண்டுமாம். நான் இத்தனை வருஷம் பழசைப் புதுசாக்கித்தான் பழகியிருக்கிறேன். புதுசைப் பழசாக்க எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

கிறிஸ்துமஸுக்கு வர முடியாது போலிருக்கிறது. வேலை அப்படி. தப்பாக நினைக்காதே.

அன்புடன்
ஜெயபால்


திருமுல்லைவாயில்
1.10.1988

அன்புள்ள அத்தானுக்கு,

சுகம். அத்தையும் சுகம். கிறிஸ்துமஸ் விஷயத்தை அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை. நீங்களே அவருக்குத் தனியாக எழுதுங்கள். நான் தப்பாக நினைக்கவில்லை. வேறு என்ன நினைப்பது என்றுதான் தெரியவில்லை.

ரிட்டார்டர் பலித்தது. கேட்டவர்கள் உங்களுக்கு நன்றி சொன்னார்கள்.

உங்கள் பூட்ஸ் கதையைப் படித்துச் சிரித்தேன். பிறகு அதே நினைப்பாகப் போயிற்று. கறுப்பாக எது கண்ணில் பட்டாலும் நின்று பார்க்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை கொரட்டூரில் பெரியம்மா வீட்டுக்குப் போனபோது ஏரியில் எருமைகள் கரையேறின. தண்ணீர் சொட்டும்போது மையாக இருந்தவை, காயக் காயச் சாம்பல் பூத்துக்கொண்டே வந்தன. ஆனால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. முதுகெலும்பு மேட்டில் தேய்ந்த பளபளப்பு, வயிற்று மடிப்பில் பழைய கறுப்பு, விலாவில் சேற்றுத் தூசி. ஒரே எருமையில் நாலு கறுப்பு இருந்தது. நீங்கள் விமானம் முழுக்க ஒரே கறுப்பை அடித்துவிட்டு அதைப் பழசாக்கப் பார்க்கிறீர்களோ?

அம்பத்தூர் ஸ்டேஷன் வெளியே குடை ரிப்பேர் செய்கிற வேம்புலியிடம் போனேன். கழித்துப்போட்ட குடைத்துணி இருந்தால் கொடுங்கள் என்றேன்.

"கியிஞ்ச துணி இன்னாத்துக்கு மா உனக்கு?"

"வெளிநாட்டுக்கு அனுப்பணும்."

"ஏன், அங்க கொட இல்லியா? நல்லதா ஒண்ணு வாங்கி அனுப்பேன்."

விமானத்துக்குக் கறுப்பு என்று நான் விளக்கியதும் அவர் தையலை நிறுத்திவிட்டார். கோணியைக் கவிழ்த்து அவரே பொறுக்கிக் கொடுத்தார். "இது போஸ்ட்மேன் கொட, தெனிக்கும் வெயிலு. இது கிளார்க்கு கொட, ஆபீஸ்லயே தூங்கும். இது மீன்காரம்மா கொட, உப்புத் தண்ணி பட்டது." எல்லாமே ஒரு காலத்தில் ஒரே துணிச் சுருளில் கிழித்த கறுப்புதானாம்.

வெட்டி ஊசியால் காகிதத்தில் குத்தி அனுப்பியிருக்கிறேன். வெயில் பட்டது வெளுக்கவில்லை பாருங்கள், முதலில் பழுப்புக்குத்தான் போகிறது. கம்பி அழுத்திய இடம் சாம்பலாகிவிட்டது. மடிப்புக்குள் மட்டும் புதுசு மாதிரியே இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உண்மையில் நலம்தானே?

செலின்


ஷார்ஜா
6.11.1988

என் செலினுக்கு,

நான் சுகம், நீங்கள் இருவரும் அப்படியே இருக்க ஜெபிக்கிறேன்.

உன் உறையைப் பிரித்ததும் பிரகன்சாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு பேரும் குடைத்துணியை விளக்கடியில் வைத்துக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டை மறந்துவிட்டோம். நீ சொன்னதுதான் சரி. நான் ஒரு கறுப்பைக் கலக்கிக்கொண்டு அதோடு மல்லுக்கட்டினேன்.

இப்போது எப்படிச் செய்கிறேன் என்று எழுதுகிறேன், உனக்குப் புரியும். முதலில் எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு அடியில் அலுமினிய நிறம் அடித்தேன். அதன் மேல் கிளார்க் குடை. சுத்தக் கறுப்பு இல்லை, துளி நீலமும் துளி வெள்ளையும் சேர்ந்தது. சின்னப் பொருளில் சுத்தக் கறுப்பு அடித்தால் ஓட்டை மாதிரித் தெரிகிறது, வடிவமே தொலைந்துபோகிறது. தகட்டு இணைப்புகளை அப்படியே விட்டுவிட்டு, ஒவ்வொரு தகட்டின் நடுவிலும் போஸ்ட்மேன் குடையை மெல்லிசாக ஊதுகிறேன். பழுப்பு கலந்தது. இன்ஜின் புகை போகும் வழியில் சாக்குக்கட்டித் தூளைத் தூரிகையால் தேய்க்கிறேன். புகை பட்ட இடம் கறுப்பின் மேல் வெளிறித்தான் தெரியுமாம், ஹார்விக் சொன்னார். மீன்காரம்மா குடையைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். கடைசியில் ஆள் கை பட்டுத் தேயும் விளிம்புகளில் பெயிண்டை லேசாக உரசி உள்ளே இருக்கும் அலுமினியத்தைக் காட்டவேண்டும். அதற்குத்தான் இன்னும் தைரியம் வரவில்லை. அதிகமாகத் தேய்த்தால் சொறி பிடித்ததுபோல ஆகிவிடும்.

பட்டறை ஆட்களோடு எடுத்த போட்டோ வைத்திருக்கிறேன். நடுவில் இருப்பதுதான் விமானம், இன்னும் முடியவில்லை.

மழையில் நம் தெரு எப்படி? ஸ்டேஷனிலிருந்து வீடு வரைக்கும் ரோடு போட்டார்களா, இல்லை அந்தச் சேற்றில் கல் மேல் கால் வைத்துத் தாண்டித் தாண்டித்தான் வரவேண்டுமா?

அன்புடன்
ஜெயபால்


திருமுல்லைவாயில்
27.11.1988

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் நலம்.

போட்டோ வந்தது. விமானம் அழகாக இருக்கிறது. பிரகன்சா நல்ல மனிதர் என்று முகத்திலேயே தெரிகிறது.

எல்லாரும் நிற்கிறார்கள். நீங்கள் மட்டும் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் நாற்காலியின் கையில் ஒரு கைத்தடி மாட்டியிருக்கிறது. அங்கே இருப்பவர்களில் வயதானவர் யாரும் இல்லை.

தெருவில் ரோடு போடவில்லை. குளியலறைக்குக் குழாய், தெருவுக்கு ரோடு, இதையெல்லாம் எதற்குக் கேட்கிறீர்கள் என்று இப்போது எனக்குப் புரிகிற மாதிரி இருக்கிறது. நான் வேறு எதுவும் கேட்கப்போவதில்லை.

எந்தக் கால்?

செலின்


திருமுல்லைவாயில்
15.1.1989

அன்புள்ள அத்தானுக்கு,

கிறிஸ்துமஸும் போயிற்று, பொங்கலும் போயிற்று. அத்தை நலம். நான் நலம் என்று எழுதினால் பொய்.

நான் கேட்ட கேள்விக்கு உங்களிடமிருந்து பதில் இல்லை. ஒருவர் மட்டும் மனசைத் திறந்து காட்டவேண்டும் என்றால் கஷ்டமாகத்தான் இருக்கும். அதனால் என்னுடையதை நான் முதலில் சொல்லிவிடுகிறேன்.

கம்ப்ரஸரை நான் விற்கவில்லை. விற்கப்போவதும் இல்லை. கஜபதி பார்க்க வந்த அன்று, ஓடுகிறதா என்று காட்ட ஒரு தகரத்தில் பெயிண்ட் அடித்துக் காட்டினேன். நீங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பின்கட்டில் ஸ்கூட்டருக்கு அடிக்கும்போது ஹோஸைப் பிடித்துக்கொண்டு நின்றவள்தானே நான். கை எவ்வளவு தூரத்தில் இருக்கவேண்டும், எங்கே திருப்பவேண்டும் என்று கண்ணுக்குப் பழகியிருந்தது. அவர் தகரத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"மெசினு வேணாம் மா," என்றார். "மெசினோட நீ வந்துடு. என் பெயிண்டரு ஓடிப்போய்ட்டான். உன் கை நல்லா கீது."

அன்றிலிருந்து அவர் பட்டறைப் பீரோவுக்கெல்லாம் நான்தான் அடிக்கிறேன். பால் பூக்க விட்ட அந்த ஒன்றும் தெரியாத பெயிண்டர் நான்தான். "பொம்பள பைப்பப் புடிச்சா ஊரு சிரிக்கும்" என்று அத்தை ஒரு வாரம் பேசாமல் இருந்தார். ஊர் சிரிக்கத்தான் செய்தது. இப்போது வேலைக்குக் கிளம்பும்போது அத்தைதான் என் முகத்துக்குத் துணி கட்டிவிடுகிறார்.

உங்களிடம் சொன்னால் நிறுத்தச் சொல்வீர்கள் என்று பயந்து சொல்லவில்லை. நீங்களும் ஏதோ பயந்துதான் சொல்லவில்லை. நான் சொல்லிவிட்டேன். இனி உங்கள் முறை.

உங்கள்
செலின்


ஷார்ஜா
10.2.1989

என் அன்பு செலினுக்கு,

இந்தத் தடவை நலம் என்று ஆரம்பிக்கவில்லை. நடந்ததை எழுதிவிட்டு, கடைசியில் நலமா இல்லையா என்று சொல்கிறேன்.

இடது கால்.

ஈஸ்டர் முடிந்த வாரம். ஜாக்கி வைத்துத் தூக்கியிருந்த பஸ்ஸுக்கு அடியில் பிரைமர் அடித்துக்கொண்டிருந்தேன். ஜாக்கி சரிந்தது. முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். டிராஃப்ட் உறையில் முகவரி எழுதியது பக்கத்துக் கட்டில்காரர். கோவில் ஆட்களோடு ஆஸ்பத்திரிக்கு ஆறுதல் சொல்ல வந்த பிரகன்சா, நான் சுவரையே பார்த்துக்கொண்டு கிடப்பதைக் கண்டு அடுத்த நாள் ஒரு உடைந்த சின்ன விமானமும் பெயிண்டும் கொண்டுவந்து கொடுத்தார். அப்படித்தான் இந்த வேலை வந்தது. இப்போது செயற்கைக் கால் போட்டிருக்கிறார்கள். பேண்ட்டும் ஷூவும் போட்டால் தெரியாது. மாடி ஏறினால் தெரியும்.

உனக்கு எழுத உட்காராமல் இல்லை. உட்காரும்போதெல்லாம், கல்யாணமான புதிதில் உன்னைச் சைக்கிள் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு திருவேற்காடு வரை மிதித்தது நினைவுக்கு வரும். பேனாவை மூடிவிடுவேன். இனி உன்னை உட்காரவைத்து எங்கே மிதிப்பேன் என்று இருக்கும். அப்புறம் விமானத்தைப் பற்றி எழுதுவேன்.

உன் கடிதத்தை முதல் தடவை படித்தபோது கோபம்தான் வந்தது. பட்டறைப் புகையில் நீ நிற்பதா என்று. இரண்டாம் தடவை படித்தபோது அந்த "ஒன்றும் தெரியாத பெயிண்டர்" இடத்தில் சிரித்துவிட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அப்படிச் சிரித்ததில்லை. என்ன என்று பிரகன்சா கேட்டார். சொன்னேன். "உன் வீட்டில் கம்ப்ரஸர் இருக்கிறது, பெயிண்டர் இருக்கிறாள். அப்புறம் நீ ஏன் இங்கே இருக்கிறாய்?" என்றார்.

விளிம்பைத் தேய்க்கத் தைரியம் வரவில்லை என்று எழுதியிருந்தேனே. உன் கடிதம் வந்த மறுநாள் தேய்த்தேன். எங்கே ஆள் நின்றிருப்பான், எங்கே கை ஊன்றியிருப்பான் என்று யோசித்து யோசித்து, அங்கே மட்டும்.

ஹார்விக் வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். இறக்கை உடம்போடு சேரும் இடத்தை, விரல் படாமல் காட்டினார். "இங்கேதான் என் ஏணியைச் சாய்ப்பேன்" என்றார். பிறகு, "எங்கே பிடித்தாய் இந்தக் கறுப்பை?" என்று கேட்டார். என் மனைவி அம்பத்தூரிலிருந்து அனுப்பினாள் என்றேன். அங்கே பழைய விமானங்கள் நிற்கின்றனவா என்றார். இல்லை, குடை ரிப்பேர்க்காரர் இருக்கிறார் என்றேன். அவர் சிரிக்கவில்லை. "அவளிடம் சொல், அதேதான் என்று" என்றார்.

சொல்லிவிட்டேன்.

நலமா என்றால், இதை எழுதி முடித்த இந்த நிமிஷத்தில், நலம்தான். இனி நீ சொல்வதுதான். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அதையும் உன்னிடமே விடுகிறேன்.

ஜெயபால்


திருமுல்லைவாயில்
1.3.1989

என் அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை அத்தைக்குப் படித்துக்காட்டினேன், ஒரு வரி விடாமல். அவர் அழவில்லை. எழுந்து குளியலறைக்குப் போனார். நான் பயந்து பின்னாலேயே போனேன். சுவரில் இருக்கும் குழாயைப் பிடித்து ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "உறுதியாத்தான் கீது" என்றார். பிறகுதான் அழுதார்.

ஆம், குழாய் பதித்தாகிவிட்டது. நவம்பரில் உங்கள் போட்டோ வந்த வாரமே கொத்தனார் கன்னியப்பனைக் கூப்பிட்டுப் பதித்துவிட்டேன். "வலது கைக்கா, இடது கைக்கா?" என்று கேட்டார். எந்தக் கால் என்று அப்போது எனக்குத் தெரியாது. அதனால் இரண்டு பக்கமும் போடச் சொன்னேன்.

சைக்கிளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதை நான்தான் இப்போது பட்டறைக்கு மிதித்துப் போகிறேன். பின் கேரியர் காலியாகத்தான் இருக்கிறது. உட்கார வெட்கமாக இருந்தால் ஆட்டோ இருக்கிறது.

உங்கள் மேல் கோபம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். நிறைய இருக்கிறது. ஆஸ்பத்திரியில் நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தபோது நான் இங்கே மாதாவுக்குப் பூ கட்டிக்கொண்டும் பீரோவுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டும் இருந்திருக்கிறேன். அந்தச் சண்டையைக் கடிதத்தில் போட எனக்கு மனசு வரவில்லை. நேரில் வாருங்கள், போட்டுக்கொள்ளலாம்.

பிரகன்சாவின் கேள்விக்குப் பதிலை நான் சொல்கிறேன். நீங்கள் அங்கே இருக்க ஒரு காரணமும் இல்லை. பின்கட்டுக்குக் கூரை போட்டால் பட்டறை. உங்களுக்கு நாற்காலி, எனக்குக் கன். அந்தப் பேனா மாதிரி இருக்கும் கன் ஒன்று மட்டும் வாங்கிக்கொண்டு வாருங்கள், இங்கே கிடைக்காது. வேறு எதுவும் வாங்கவேண்டாம், டேப்ரெக்கார்டர்கூட.

கஜபதிக்குச் சொல்லிவிட்டேன். "அண்ணாத்தே வரட்டும், மீனம்பாக்கத்துக்கு நம்ம பீரோ வண்டிலயே போய் கூட்டியாந்துடலாம்" என்கிறார்.

தேதி மட்டும் எழுதுங்கள்.

உங்கள்
செலின்


திருமுல்லைவாயில்
11.2.1990

அன்புள்ள செலினுக்கு,

பெங்களூர்க் குளிர் எப்படி? கன்னியர் விடுதியில் வெந்நீர் கிடைக்கிறதா? அம்மா கொடுத்துவிட்ட கம்பளியைப் பெட்டியிலேயே வைத்திருக்காதே, போர்த்திக்கொள். இங்கே நாங்கள் இரண்டு பேரும் சுகம். சோறு மட்டும் குழைகிறது. அதற்கு நான் காரணம் என்று அம்மாவும், அடுப்பு காரணம் என்று நானும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

உன் கடிதம் நேற்று வந்தது. கண்காட்சிக்கு லாரியில் போனதில் நம் விமானங்கள் இரண்டுக்கு மூக்கில் சிராய்ப்பு என்று படித்ததும் எனக்குப் பக்கென்றது. நீ அதை எடுத்துவிடாமல், அதைச் சுற்றி இன்னும் கொஞ்சம் பழசாக்கி, பறந்து அடிபட்டதுபோலச் சேர்த்துவிட்டாய் என்று படித்த பிறகுதான் மூச்சு வந்தது. நானாக இருந்தால் மறுபடி புதுசாக அடித்திருப்பேன். கண்காட்சிக்காரர் அதையே முன்வரிசையில் வைக்கச் சொன்னாரா? பிரகன்சாவுக்கு எழுதுகிறேன், இந்த வேலையை நமக்குச் சொல்லிவிட்டவர் அவர்தானே, சந்தோஷப்படுவார்.

கால் நன்றாக இருக்கிறது. செயற்கைக் காலின் உறையோடு உரசும் இடத்தில் புண் ஆறிவிட்டது. நீ கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன், இப்போதெல்லாம் அப்படித்தான் பழக்கம். நேற்று தெருமுனை வரை தடி இல்லாமல் போய்ப் பால் வாங்கி வந்தேன். திரும்பும்போது கொஞ்சம் வலித்தது. அதையும் சொல்லிவிட்டேன்.

இன்று காலையில் ஒன்று நடந்தது. பூந்தமல்லியிலிருந்து ஒருவர், கோணியில் சுற்றி ஒரு புல்லட் பைக்கின் பெட்ரோல் டேங்க்கைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். நான் பின்கட்டில் உட்கார்ந்து அடுத்த விமானத்துக்குச் சக்கரம் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

"பெயிண்ட் மேஸ்திரி ஊடு இதானா?"

"இதான். சொல்லுங்க," என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ இல்ல நைனா. பொம்பள மேஸ்திரின்னாங்களே. கறுப்புன்னா அந்தம்மாதான் அடிக்கணும்னு அம்பத்தூர்ல சொன்னாங்க."

"அவங்க பெங்களூர் போயிருக்காங்க. வியாழக்கிழமை வந்துடுவாங்க."

டேங்க்கை என்னிடம் விட்டுப்போகலாமா என்று அவருக்குச் சந்தேகம். கீழே வைக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

"நீ இன்னா, ஹெல்பரா?"

"ஆமா," என்றேன். "ஹெல்பர்தான். குடுங்க, பழைய பெயிண்ட்ட சொரண்டி ரெடியா வைக்கிறேன்."

சுரண்டிக்கொண்டிருக்கிறேன். பத்திரமாக வா.

உன்
ஜெயபால்